அனுப்புமுன் ஒரு முறை குமிழி பாருங்கள்

பெறுநர்:
மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் அவர்கள், சென்னை.
மாவட்ட இணை இயக்குநர்கள், தாலுகா மருத்துவமனைகளின் தலைமை மருத்துவர்கள் பார்வைக்கும்.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

வணக்கம். தாலுகா மருத்துவமனை ஒன்றின் பிரசவ அறையில் வேலை செய்யும் செவிலியர் எழுதுகிறேன். ஊர்ப் பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு அந்த ஆஸ்பத்திரியைப் பற்றியதாகத் திரும்பிவிடும், கேட்க வந்த விஷயம் ஓரமாகப் போய்விடும்.

கேட்பது இதுதான். குறைமாதக் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன், அதன் இரைப்பையில் இருக்கும் நீரில் அரை மில்லி எடுத்து, ஆல்கஹால் கலந்து குலுக்கி, குமிழி நிற்கிறதா என்பதை வைத்து நுரையீரல் முதிர்ந்துவிட்டதா என்று பார்க்கும் 'ஷேக் டெஸ்ட்' செய்ய வேண்டும். குமிழி நின்றதா இல்லையா என்று ரெஃபரல் சீட்டில் ஒரு வரி எழுத வேண்டும். இப்போது இது டியூட்டியில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து நடக்கிறது அல்லது நடக்காமல் போகிறது. இதை எழுத்துப்பூர்வமான நடைமுறையாக ஆக்கிக் கொடுங்கள்.

நாங்கள் எழுதும் சீட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "எல்.பி.டபிள்யூ. (எடை குறைந்த குழந்தை), 1.7 கிலோ, மேல் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது." அவ்வளவுதான். அதைக் கையில் வாங்கும் எஸ்.என்.சி.யு. (பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பிரிவு) மருத்துவருக்கு என்ன புரியும்? 37 வாரம் முடிந்தும், தாய்க்கு ரத்தக் கொதிப்பு இருந்ததால் வளராமல் போன குழந்தையாக அது இருக்கலாம். 32 வாரத்தில் பிறந்து, அந்த வாரத்துக்கு உரிய எடையோடு இருக்கும் குழந்தையாகவும் இருக்கலாம். முதல் குழந்தையின் உடம்பு குளிராமல், சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் தேறிவிடும். இரண்டாவது குழந்தையின் நுரையீரல் அடுத்த சில மணி நேரத்தில் கைவிட்டுவிடலாம். தராசு இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

வாரக் கணக்கை வைத்துப் பிரிக்கலாமே என்பீர்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் பிக்மி நம்பர் இருக்கிறது, முதல் மூன்று மாத ஸ்கேன் இருக்கிறது, நம் மாநிலத்தில் பெரும்பாலான தாய்மாருக்கு அது சரிதான். ஆனால் பனியன் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் வடக்கிலிருந்து வந்து வேலை செய்கிற பெண்கள் வலி வந்த பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். கையில் ஸ்கேனும் இருக்காது, கடைசி மாதவிலக்குத் தேதியும் இருக்காது. உள்ளூர்ப் பெண்களிலும் "பொங்கலுக்கு முன்னாடிதான் சிஸ்டர் தள்ளிப்போச்சு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், வாரம் சரியாகவே தெரிந்தாலும் அதே வாரத்தில் பிறக்கும் இரண்டு குழந்தைகளின் நுரையீரல் ஒரே அளவு முதிர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தாய்க்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால், 35 வாரத்துக் குழந்தை மூன்று கிலோவுக்கு மேல் கொழுகொழுவென்று பிறக்கும். உள்ளே நுரையீரல் பின்தங்கியிருக்கும். எடையைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான் அதிகம்.

நுரையீரலின் காற்றறைகள் மூச்சை வெளியே விடும்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அவற்றின் உட்சுவரில் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருள் படிந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், நனைந்த பாலிதீன் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்வது போல அறைகள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சிலும் குழந்தை அதைப் புதிதாகப் பிரித்தாக வேண்டும். கருவில் இந்தப் பொருள் தேவையான அளவு சேர ஏறக்குறைய 35 வாரம் ஆகிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதற்கு இதன் பற்றாக்குறைதான் காரணம் என்று 1959-இல் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் அமெரிக்காவில் காட்டினார்கள். காரணம் தெரிந்தும் மருந்து வரவில்லை. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த மகன் பேட்ரிக், 39 மணி நேரம் இருந்துவிட்டு இதே நோயில் போனான். வெளியிலிருந்து சர்ஃபாக்டன்டைக் குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் செலுத்திப் பலன் கண்டது 1980-இல், ஜப்பானில், புஜிவாரா என்ற மருத்துவர். இன்று அந்த மருந்து நம் மாவட்டங்களிலும் கிடைக்கிறது. ஒரு குப்பி பல ஆயிரம் ரூபாய். அதனால் தாலுகாவில் வைத்திருக்க மாட்டோம். வைத்தாலும், குழாய் போட்டு அதைக் கொடுக்கத் தெரிந்த கை இரவு இரண்டு மணிக்கு இங்கே இருக்காது.

ஆக, எங்கள் கையில் இருப்பது அனுப்புவது மட்டும்தான். எப்போது, எவ்வளவு அவசரமாக, எங்கே, முன்கூட்டி என்ன சொல்லி அனுப்புவது என்பதில்தான் எங்கள் பங்கு இருக்கிறது. அதற்குத்தான் இந்தச் சோதனை.

கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரலில் ஊறும் நீர் தொண்டை வழியே மேலே வரும். அதில் கொஞ்சம் பனிக்குட நீரில் கலக்கும், கொஞ்சத்தைக் குழந்தை விழுங்கும். எனவே பிறந்தவுடன் அதன் வயிற்றில் இருக்கும் நீரில் நுரையீரலின் சரக்கும் இருக்கும். நுரையீரல் முதிர்ந்திருந்தால் சர்ஃபாக்டன்ட் இருக்கும். அதைக் குலுக்கினால் குமிழி வரும், வந்த குமிழி நிற்கும். வேறு புரதங்களும் நுரை கிளப்பும் என்பதால் எத்தில் ஆல்கஹால் சேர்க்கிறோம். மற்ற நுரையை ஆல்கஹால் அடக்கிவிடும். சர்ஃபாக்டன்ட் தாங்கும் குமிழி மட்டும் மிஞ்சும். பனிக்குட நீரில் இந்தக் குலுக்கும் வழியை 1972-இல் கொண்டுவந்தவர் ஜான் கிளமென்ட்ஸ். பிறந்த குழந்தையின் வயிற்று நீருக்கும் அதே வழி பொருந்தியது. வட இந்தியாவின் பெரிய மருத்துவமனைகள் முதல் நம் கல்லூரி மருத்துவமனைகள் வரை குழந்தை மருத்துவம் படித்த எல்லோரும் இதைப் பாடத்தில் படித்திருப்பார்கள். புதிதாக நான் எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

செய்முறை எளிது, ஆனால் கெடுத்துக்கொள்ளவும் எளிது. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள், முதல் சொட்டுப் பால் உள்ளே போவதற்கு முன், ஃபீடிங் டியூப் போட்டு அரை மில்லி எடுக்க வேண்டும். கண்ணாடி டெஸ்ட் டியூபில் அதே அளவு அப்சல்யூட் ஆல்கஹால் (தண்ணீர் கலக்காத சுத்த எத்தில் ஆல்கஹால்) விட்டு, மூடி, 15 விநாடி வேகமாகக் குலுக்க வேண்டும். நேராக நிறுத்தி 15 நிமிடம் தொடக்கூடாது. அப்புறம் நீர்மட்டத்தின் விளிம்பில் பார்க்க வேண்டும். சுற்றி முழு வளையமாகக் குமிழி நின்றால் பாசிடிவ், அதாவது நல்ல செய்தி. குமிழியே இல்லையென்றால் நெகடிவ், அதாவது ஆபத்து. பாதி வளையம் என்றால் இடைநிலை. மற்ற சோதனைகளில் பாசிடிவ் என்றால் கெட்ட செய்தி என்று பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அதனால் சீட்டில் பாசிடிவ், நெகடிவ் என்று எழுதாமல் 'முழு வளையம்', 'பாதி', 'குமிழி இல்லை' என்றே எழுதச் சொல்லுங்கள்.

கெடுத்துக்கொள்ளும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன், சுற்றறிக்கையில் இவை வராவிட்டால் சோதனை பெயரளவுக்குத்தான் நடக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, சரியாக அலசாத டியூபில் செய்தால் எல்லாக் குழந்தைக்கும் அருமையாகக் குமிழி வரும். நீரில் ரத்தமோ, தாயின் வயிற்றுக்குள்ளேயே குழந்தை கழித்த மலமோ கலந்திருந்தால் முடிவை நம்பக்கூடாது. கை கழுவும் சானிடைசரையும் புண் துடைக்கும் ஸ்பிரிட்டையும் ஆல்கஹாலுக்குப் பதிலாக ஊற்றக்கூடாது. அப்சல்யூட் ஆல்கஹால் பாட்டிலைத் திறந்தே வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு வீரியம் குறையும். இது நெருப்புப் பற்றும் பொருள் என்பதால் குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மருக்கும் ஆக்ஸிஜனுக்கும் பக்கத்தில் அதைத் திறக்கவே கூடாது. எங்கள் அறையில் மருந்து அலமாரிக்கு மேலே, டியூப் லைட்டுக்குக் கீழே நிறுத்திவைத்து, பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றைப் பின்னால் பிடித்துப் பார்ப்போம். கறுப்புப் பின்னணியில் சின்னக் குமிழியும் தப்பாது.

ஒரு இரவு நடந்ததைச் சொல்கிறேன். ஸ்கேன்படி 33 வாரம். குழந்தை பிறந்தவுடன் அழுதது, நிறம் நன்றாக இருந்தது, மூச்சு நிமிடத்துக்கு ஐம்பதைச் சுற்றித்தான். சில்வர்மன் மதிப்பெண் போட்டால் பூஜ்யம். அந்த மதிப்பெண் மூக்கு விடைப்பது, விலா இடுக்கு உள்வாங்குவது, முனகல் இவற்றையெல்லாம் கூட்டிச் சொல்வது. திணறல் வந்த பிறகுதான் ஏறும். டாக்டரம்மா சொல்லி ஷேக் டெஸ்ட் போட்டோம். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால், டியூபில் ஊற்றி வைத்த தண்ணீர் போலத் தட்டையாக இருந்தது. ஒரு குமிழிகூட இல்லை. அனுப்ப வேண்டும் என்றதும் குழந்தையின் ஆச்சி பிடித்துக்கொண்டார். "பிள்ளை நல்லாத்தானம்மா இருக்கு, எதுக்கு இந்நேரத்துல அலைக்கழிக்கிறீங்க?" நியாயமான கேள்விதான். டியூபை அவர் கையிலேயே கொடுத்து, நிறைமாதக் குழந்தையின் நீர் என்றால் இதில் நுரை எப்படி வளையமாக நிற்கும் என்று சொன்னோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்புறம் மருமகனிடம் "வண்டியைக் கூப்பிடு" என்றார். மருத்துவக் கல்லூரிக்கு டாக்டரம்மா போன் செய்து "குமிழி இல்லை" என்று சொன்னதால், அங்கே மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்றுச் செலுத்தி நுரையீரலைத் திறந்தே வைக்கும் சிபாப் கருவியோடு படுக்கையும் மருந்தும் தயாராக இருந்தன. வழியிலேயே முனகல் ஆரம்பித்துவிட்டது என்று 108-இல் போன தம்பி பிறகு சொன்னார்.

இதை வைத்து 'சோதனை குழந்தையைக் காப்பாற்றியது' என்று நான் சொல்லவில்லை. அந்தக் குழந்தையை எப்படியும் அனுப்பியிருப்போம். எப்போது என்பதுதான் மாறியது. திணறல் வரட்டும், பார்க்கலாம் என்று வைத்திருந்து, விடியற்காலையில் நீலம் பாரித்த பிறகு அனுப்புவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சில மணி நேரம். பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் சர்ஃபாக்டன்ட் கிடைக்கும் குழந்தைகள், தாமதமாகக் கிடைக்கும் குழந்தைகளைவிட நன்றாகத் தேறுகின்றன என்பது ஆய்வுகளில் தெளிவான விஷயம். நம் சாலைகளில் அந்த இரண்டு மணி நேரத்தில் பாதி பயணத்திலேயே போய்விடும்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் தப்பு. முழு வளையம் வந்த குழந்தை ஒன்று மறுநாள் திணறியது, கிருமித் தொற்று. இந்தச் சோதனைக்கு நிமோனியா தெரியாது, இதயக் கோளாறு தெரியாது, மலம் கலந்த நீரை உறிஞ்சியது தெரியாது. அதற்கெல்லாம் கண்ணும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும்தான். குமிழி இல்லாத குழந்தைகளிலும் பல, ஒரு தொல்லையும் இல்லாமல் பால் குடித்து வீடு போகின்றன. சோதனையின் பலம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது: முழு வளையம் இருந்தால் சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறை வர வாய்ப்பு மிகக் குறைவு என்று தைரியமாகச் சொல்லலாம், குமிழி இல்லையென்றால் வரலாம், உஷாராக இரு என்றுதான் சொல்லலாம். முனக ஆரம்பித்துவிட்ட குழந்தைக்கு டியூபைக் குலுக்கிக்கொண்டு 15 நிமிடம் காத்திருப்பது முட்டாள்தனம். அங்கே ஆக்ஸிஜனும் வண்டியும்தான் முதலில்.

எல்லாக் குழந்தைக்கும் செய்யவும் வேண்டாம். வயிற்றுக்குள் குழாய் போடும்போது நாடித்துடிப்பு இறங்கும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறோம். நிறைமாதத்தில் நல்லபடி பிறந்த குழந்தையை முதல் மணி நேரத்தில் தாயின் நெஞ்சிலிருந்து எடுக்கக் கூடாது. 35 வாரத்துக்குக் கீழே, அல்லது வாரம் தெரியாமல் இரண்டு கிலோவுக்குக் கீழே, அல்லது சர்க்கரை உள்ள தாய்க்கு முன்கூட்டிப் பிறந்த குழந்தை என்று வரம்பு போட்டால் போதும்.

பெரிய மருத்துவமனைகளில் இருக்கும் பச்சிளங்குழந்தை நிபுணர்கள் 'பழைய டெஸ்ட்' என்று சிரிப்பார்கள் என்று தெரியும். அவர்கள் இடத்தில் அது உண்மைதான். குறைமாதக் குழந்தைக்குப் பிறந்தவுடன் சிபாப் போட்டு, எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது என்று பார்த்து, முப்பது சதவீதத்தைத் தாண்டினால் சர்ஃபாக்டன்ட் கொடுப்பது இன்றைய முறை. சிபாப், ஆக்ஸிஜனைக் காற்றோடு அளவாகக் கலக்கும் பிளெண்டர், எக்ஸ்ரே, நிபுணர் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும்போது டெஸ்ட் டியூபைக் குலுக்க அவசியமில்லை. எங்களிடம் வார்மரும் கையால் அழுத்தி மூச்சூட்டும் ஆம்பு பேகும் ஆக்ஸிஜனும் இருக்கின்றன. எந்த வசதி எங்களிடம் இல்லையோ, அந்த வசதியை வைத்து எழுதிய வழிகாட்டியைக் கொடுத்து எங்களைப் பழைய காலத்தவர்கள் என்றால் எப்படி?

அவர்களுக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன் என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நட்சத்திரம் பார்த்து, வலி வருவதற்கு முன், 39 வாரம் முடியாமலே கத்தி வைப்பதும் அதில் சேர்த்தி. (ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்தைச் சொல்லி எங்களை அவசரப்படுத்தும் மாமனார்களைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம்.) அப்படிப் பிறக்கும் குழந்தைகள் பல, நுரையீரல் நீர் வற்றாமல் வேகமூச்சு வாங்கும். அது ஓரிரு நாளில் தானாக அடங்கும். சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறையும் முதல் மணி நேரத்தில் கிட்டத்தட்ட அப்படியேதான் தெரியும், ஆனால் நேரம் போகப் போக மோசமாகும். நாம் போட்ட வரம்புக்குள் வரும் குழந்தையும் இப்படி மூச்சு வாங்கும்போது, குமிழி நிற்கிறது என்று சீட்டில் இருந்தால், வாங்கும் மருத்துவருக்கு எந்தப் பக்கம் யோசிக்க வேண்டும் என்று ஒரு கைகாட்டி கிடைக்கும். இருக்கிற படுக்கையை யாருக்கு முதலில் கொடுப்பது என்பதிலும் உதவும்.

நம் துறைக்கு இது புது வழக்கமும் இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க, வெறும் வயிற்றோடு வரச் சொல்லாமல், வந்த நேரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை செய்யும் முறையை சென்னையில் டாக்டர் வி. சேஷய்யா முன்வைத்தார். அது சரியான முறைதானா என்று வெளியே விவாதம் ஓடியது, இன்னும் ஓடுகிறது. ஆனால் பஸ் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணுக்கு எது நடைமுறையில் சாத்தியம் என்று பார்த்து, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை என்று 2007-இலேயே தமிழ்நாடு முடிவெடுத்தது. அந்தத் தைரியத்தைத்தான் இங்கேயும் கேட்கிறேன்.

ஸ்டீராய்டு ஊசி பற்றி ஒரு வார்த்தை. குறைமாத வலி வந்த தாய்க்கு, குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர, டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு தடவை. இந்தியாவும் இடம்பெற்ற உலக சுகாதார நிறுவன ஆய்வில், ஊசி போடாத தாய்மாரின் குறைமாதப் பிள்ளைகளில் 23.5 சதவீதம் இறந்தன, போட்டவர்களிடம் 19.6 சதவீதம். 2020-இல் வெளியான ஆய்வு அது. ஷேக் டெஸ்ட் அந்த ஊசிக்கு மாற்று ஆகாது. எத்தனை டோஸ் போட்டோம், கடைசி டோஸுக்கும் பிரசவத்துக்கும் எத்தனை மணி நேரம் இடைவெளி என்பதும் சீட்டில் அதே வரியில் வரட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வாங்குபவருக்குப் படம் முழுசாகத் தெரியும்.

இனி நடைமுறை. தயவுசெய்து இதற்கென்று புதுப் பதிவேடு போட்டுவிடாதீர்கள். இருக்கிற பதிவேடுகளை எழுதி முடிப்பதற்கே இரவு டியூட்டி போதவில்லை. கேஸ் ஷீட்டில் ஒரு வரி, ரெஃபரல் சீட்டில் ஒரு கட்டம், அது போதும். அப்சல்யூட் ஆல்கஹால் எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. ஆனால் ஆய்வகம் மாலையில் பூட்டிவிடும், குறைமாதக் குழந்தைகள் மாலைக்கு முன் பிறப்பதில் அக்கறை காட்டுவதில்லை. இறுக மூடிய சின்னக் குப்பி ஒன்றைப் பிரசவ அறைக்கு என்று ஒதுக்கி, மாதம் ஒரு முறை மாற்றித் தரச் சொல்லி ஒரு உத்தரவு போட்டால் பாதி வேலை முடிந்தது. புதிதாகப் பிறந்த குழந்தைக்கு மூச்சூட்டும் பயிற்சிக்கு எங்களை அழைக்கும்போது இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கலாம். கையால் ஒரு முறை செய்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஒரு பயத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். சிசு மரணத் தணிக்கைக் கூட்டத்தில் இந்த ஒரு வரியைத் தூக்கிப் பிடித்து, "குமிழி இல்லை என்று தெரிந்தும் ஏன் 40 நிமிடம் தாமதம்?" என்று செவிலியரை நிற்க வைத்துக் கேட்பீர்களானால், அடுத்த மாதமே எல்லாச் சீட்டிலும் 'முழு வளையம்' என்று வந்துவிடும். எண்கள் அழகாக இருக்கும், குழந்தைகளுக்குப் பயன் இருக்காது. முடிவை எழுதியவரைத் தண்டிக்க இந்த வரி பயன்படாது என்று உத்தரவிலேயே சேர்த்துவிடுங்கள்.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. பச்சிளங்குழந்தைப் பிரிவு தூரத்தில் இருக்கும் மலைப்பகுதி, கடலோரத் தாலுகாக்கள் சிலவற்றில் ஆறு மாதம் நடத்திப் பாருங்கள். அனுப்பிய ஒவ்வொரு குழந்தைக்கும் உண்மையில் என்ன நோய் என்று கண்டார்கள், சர்ஃபாக்டன்ட் கொடுத்தார்களா, எத்தனையாவது மணி நேரத்தில், என்ற மூன்று தகவலை வாங்கிய ஆஸ்பத்திரி எங்களுக்குத் திருப்பி அனுப்பட்டும். இப்போது அனுப்பிய குழந்தை என்ன ஆனது என்பது அதன் ஆச்சி தடுப்பூசிக்கு வரும்போதுதான் எங்களுக்குத் தெரிகிறது. ஆறு மாதக் கணக்கில் சோதனை உதவவில்லை என்று தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம். அந்தத் திருப்பித் தகவலை மட்டும் நிறுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
தாலுகா மருத்துவமனைப் பிரசவ அறைச் செவிலியர் ஒருவர்